சலித்துக்கொண்டே செய்கிறவர்கள்

பாளையங்கோட்டை
நவம்பர் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

“எனக்கு மனவுறுதி பத்தல போல மாமா” என்று அனுப்பியிருந்தாய். அதற்கு வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் தாளில் எழுதிக் கூரியரில் போடுகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால் பிரித்துத்தானே ஆகவேண்டும். இன்றைக்கு உலக நீரிழிவு நாள் வேறு. மருந்துக் கம்பெனிக்காரர் காலையிலேயே வந்து நீல வளையம் போட்ட போஸ்டர் ஒன்றைக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். எழுத நல்ல நாள்தான்.

நடந்ததை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. ஜூலையில் கம்பெனி செக்கப்பில் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. 5.7க்கு மேல், 6.5க்குக் கீழ், அதாவது சர்க்கரை நோய் இல்லை, அதற்கு முந்தின வாசல். உன் அப்பாவுக்கு 38 வயதில் வந்தது உனக்குத் தெரியும், அதனால் பயந்தாய். பயந்த வேகத்தில் ஷூ வாங்கினாய், ஜிம்மில் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினாய், அடி எண்ணுகிற வாட்ச் கட்டினாய், சோற்றை அடியோடு நிறுத்தினாய், டீயில் சர்க்கரையை நிறுத்தினாய், காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்தாய். குடும்பக் குரூப்பில் தினமும் அடிக்கணக்குப் போட்டாய். உன் பெரியம்மா தினமும் கைகூப்பினாள். ஆகஸ்டும் செப்டம்பரும் ஜோராகப் போயின. அக்டோபரில் மழை பிடித்தது, ஆபீசில் ரிலீஸ் வந்தது, பிறகு தீபாவளி. இப்போது வாட்ச் சார்ஜ் இல்லாமல் மேசையில் கிடக்கிறது என்று உன் அம்மா சொன்னாள்.

ஆர்வம் போய்விட்டதை நீ உன் குறையாக எழுதுகிறாய். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மறுவீட்டு விருந்து எத்தனை நாளைக்கு நடக்கும்? பிறகு எல்லா வீட்டிலும் சோறும் குழம்பும்தான். உன் ஆர்வம் போனது சரியான சமயத்தில்தான் போயிருக்கிறது. அது போன பிறகு என்ன செய்வது என்று நீ எந்த ஏற்பாடும் வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் டாக்டர் இல்லை, மருந்துக்கடைக்காரன். ஆனால் டாக்டருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அவர் எழுதிக் கொடுத்ததை அந்த ஆள் உண்மையில் சாப்பிடுகிறாரா என்பது. முப்பது மாத்திரை வாங்கிப் போனவர் ஐம்பதாவது நாள் அடுத்த அட்டைக்கு வந்தால் கணக்கு நானே போட்டுக்கொள்வேன். வாய் திறந்து கேட்கமாட்டேன், கேட்டால் அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவார்.

புதிதாகச் சர்க்கரை என்று தெரிந்தவர் முதல் நாள் வருகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மாத மாத்திரை, குளுக்கோமீட்டர், ஐம்பது ஸ்ட்ரிப் அடங்கிய டப்பா, சர்க்கரை இல்லாத பிஸ்கட், நாவல்கொட்டைப் பொடி. கேள்விக்கு மேல் கேள்வி. பக்கத்தில் இருமல் மருந்து வாங்க நிற்பவருக்கு அங்கேயே ஒரு பிரசங்கம். இரண்டாம் மாதமும் தேதி தவறாது. மூன்றாம் மாதம் “இப்போதைக்கு ஒரு அட்டை மட்டும் குடுங்க” என்பார். நான்காம் மாதம் ஆளைக் காணோம். கையில் காசில்லாமல் நிறுத்துகிறவர்களும் உண்டு, அது வேறு கதை, அவர்களைச் சொல்லவில்லை. காசும் இருந்து, அறிவும் இருந்து, பயமும் இருந்து நின்றுபோகிறவர்களைச் சொல்கிறேன். பிறகு ஒரு நாள் வருவார். கால் பெருவிரலில் கட்டு இருக்கும், சீட்டில் மருந்தின் அளவு கூடியிருக்கும்.

இன்னொரு ரகம் உண்டு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு ஒன்று. பென்ஷன் ஏறின மறுநாள் கடை வாசலில் சைக்கிளைச் சாய்ப்பார். “ஏ, அந்தச் சவத்தைக் குடும்” என்பார். எந்தச் சவம் என்று எனக்குத் தெரியும், எடுத்து வைப்பேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இதத் தின்னுதான் சாகணும்னு எழுதியிருக்கு” என்று முனகிக்கொண்டே பணத்தை எண்ணி வைப்பார். நான் பார்த்த நாளிலிருந்து ஒரு மாதம்கூட அவர் அந்த மாத்திரையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஒரு மாதம்கூடத் தவறினதும் இல்லை. எப்படி என்று ஒரு தடவை கேட்டேன். அவர் வீட்டில் ஆச்சி இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும்போது, அவருடைய காப்பி டவராவுக்கு அடியில் மாத்திரையை வைத்துவிடுவாளாம். காலையில் காப்பிக்கு டவராவை எடுத்தால் மாத்திரை கிடக்கும். அதை விழுங்கினால்தான் காப்பி. “அவ வச்சித் தொலைக்கா, நான் முழுங்கித் தொலைக்கேன்” என்றார். மனவுறுதி என்ற பேச்சே அங்கே இல்லை.

கடையில் நின்று பார்த்து எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இதுதான் மாப்பிள்ளை. நீடித்துச் செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆர்வமுள்ளவர்கள் இல்லை, சலித்துக்கொண்டே செய்கிறவர்கள். சலிப்பையும் செய்கையையும் அவர்கள் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். உனக்குச் சலிப்பு வந்ததும், ‘ஆகா, நமக்குப் பிடிக்கவில்லை, அப்போது இது நமக்குச் சரிப்படாது’ என்று தீர்ப்பு எழுதிவிட்டாய். பல் தேய்ப்பதில் உனக்கு என்ன ஆர்வம்? ஆர்வமில்லை என்று விட்டுவிட்டாயா?

இந்த மாதிரிக் காரியங்களில் ஆர்வம் வடிவது தவிர்க்க முடியாதது என்பதற்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. தலைவலி மாத்திரை போட்டால் அரை மணியில் வலி குறைகிறது, உடம்பு உடனே பதில் சொல்கிறது. அழுத்த மாத்திரை போட்டால் ஒன்றும் தெரியாது. நடந்தாலும் அப்படித்தான். முதல் சில வாரம் மூச்சு வாங்குவது குறையும், தூக்கம் நன்றாக வரும், பேண்ட் தளரும். பிறகு எல்லாம் அதே நிலையில் நின்றுவிடும். அதற்குப் பிறகு பலன் என்பதே ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான். நடக்காமல் போன ஒன்றுக்காக யார் தினமும் குஷியாக எழுந்திருப்பார்கள்?

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு என்று ஒன்று உண்டு. 2006ல் வெளியானது. உன்னைப்போல வாசலில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்து மூன்று வருடம் பார்த்தார்கள். வழக்கமான அறிவுரை தவிர வேறெதுவும் பெறாத பிரிவில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடை, சாப்பாட்டு மாற்றம் என்று தொடர்ந்து வழிநடத்தப்பட்ட பிரிவில் வந்தது 39 பேருக்கு. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த பிரிவிலும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் பெரிதாகக் கூடுதல் பலன் இல்லை. அதாவது அரைமணி நடையும் தட்டில் செய்த மாற்றமும் மாத்திரைக்குச் சமமாக நின்றிருக்கின்றன, அதுவும் நம்முடைய உடம்புவாகுள்ள ஆட்களிடம். மேற்கத்தியரைவிட நமக்குச் சின்ன வயதிலேயே, அவ்வளவு பருமன் இல்லாதபோதே சர்க்கரை வந்துவிடுகிறது என்பதால் இந்த ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. 55க்கும் 39க்கும் இடையே 16 பேர். அந்த மூன்று வருடத்தில் தப்பித்த அந்தப் பதினாறு பேரில் ஒருவருக்காவது, ‘நான் நடந்ததால்தான் தப்பினேன்’ என்று தெரியுமா? தெரிய வழியே இல்லை. நடக்காவிட்டாலும் வந்திருக்காதவர்களும் அதே கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். நடந்தும் நோய் வந்த 39 பேரும் அங்கேதான். இப்படி யாருக்கு என்ன கிடைத்தது என்றே தெரியாத ஒரு வியாபாரத்தில் உற்சாகம் குறையத்தான் செய்யும். அதை எதிர்பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும்.

சரி, உற்சாகத்தைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாமே என்று நீ யூடியூப் பக்கம் போவாய். போகாதே என்று சொல்லவில்லை, ஆனால் பலனை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2002ல் பிரிட்டனில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் கல்லூரி மாணவர்கள் 248 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வாரத்தில் ஒரு தடவையாவது இருபது நிமிடம் நன்றாக உடற்பயிற்சி செய்கிறார்களா என்று பார்ப்பது. ஒரு பிரிவை அப்படியே விட்டார்கள். இரண்டாம் பிரிவுக்கு இதயநோயைப் பற்றியும் உடற்பயிற்சி அதை எப்படித் தடுக்கும் என்பதைப் பற்றியும் படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கும் அதே படிப்பு. கூடவே, அடுத்த வாரம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வேன் என்று எழுதித் தரச் சொன்னார்கள். சும்மா விட்ட பிரிவில் செய்தவர்கள் 38 சதவீதம். படித்து உணர்ச்சிவசப்பட்ட பிரிவில் 35 சதவீதம். எழுதிக் கொடுத்த பிரிவில் 91 சதவீதம். ஒரு வாரச் சோதனைதான், அதை வைத்து ஆயுசுக்கும் ஆருடம் சொல்ல முடியாது. ஆனால் படித்தவர்களுக்குச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் கூடியிருந்தும் கால் நகரவில்லை பார், அதுதான் எனக்குப் பிடித்த இடம். கிழமையும் மணியும் இடமும் செய்த வேலையைப் பயமும் அறிவும் செய்யவில்லை.

அண்ணாச்சி வீட்டு டவராவும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இப்போது உன் நாளைக் கொஞ்சம் பார்ப்போம். காலை ஐந்தரை நடை உன்னுடைய நேரமே இல்லை மாப்பிள்ளை. அது எங்களைப்போல ஒன்பது மணிக்குப் படுக்கிற ஆட்களின் நேரம். உனக்கு அமெரிக்கக்காரர்களோடு போன் கால் முடிய இரவு பத்து ஆகிறது. அதன்பிறகு ஆர்டர் போட்டுச் சாப்பிட்டு, போனைப் பார்த்து, படுக்க ஒரு மணி. நான்கரை மணிநேரத் தூக்கத்தை அறுத்து நடந்தால் அந்த நடை எத்தனை நாள் நிற்கும்? தூக்கம் குறைந்தால் பசியும் ஏறும், சர்க்கரையும் ஏறும். ஆகஸ்டில் அது ஓடியதே அதிசயம். அதை விட்டுவிடு, வருத்தப்படாமல் விட்டுவிடு.

உன்னுடைய நாளில் எது தவறாமல் நடக்கிறது? மத்தியானச் சாப்பாடு. மீட்டிங் இருந்தாலும் மழை பெய்தாலும் கேண்டீனுக்குப் போகிறாய். சாப்பிட்ட தட்டைக் கொண்டுபோய் அந்தத் தொட்டியில் போடுகிறாய் அல்லவா, அந்த இடத்தைப் பிடித்துக்கொள். தட்டைப் போட்ட கையோடு லிஃப்ட் பக்கம் திரும்பாதே, படி இறங்கு. கட்டிடத்தைச் சுற்றி இரண்டு சுற்று. மழையென்றால் கீழே பார்க்கிங்கில் நட. பெட்ரோல் வாடை அடிக்கும், பரவாயில்லை. பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஆகும். சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிற சமயத்தில் தொடைத் தசைகள் வேலை செய்தால், அவை இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆகவே உனக்கு இது காலை நடையைவிடக் குறைந்த சரக்கும் இல்லை.

இரண்டாவது, அந்த இரவுப் போன் கால். அதில் பாதி நேரம் நீ வாயே திறப்பதில்லை என்று நீதானே சொன்னாய்? மியூட் போட்டிருக்கிற அந்த நேரமெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் நட. உட்கார்ந்து கேட்டாலும் அதே பேச்சுத்தான்.

பத்தாயிரம் அடி என்ற கணக்கைத் தூக்கி எறி. அதை யாரோ டாக்டர் கண்டுபிடித்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருடம், 1965ல், ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டுகிற அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டது. ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பெயர் வைத்தது. விற்பதற்கு வைத்த பெயர், அது உலகம் பூராவும் சட்டமாகிவிட்டது. 2019ல் அமெரிக்காவில் பதினாறாயிரத்துச் சொச்சம் வயதான பெண்களைப் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஒரு நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் போனால் கூடுதல் பலன் தெரியவில்லை. நீ பாட்டி இல்லை, உனக்குக் கூடுதலாக நடக்கத் தெம்பு உண்டு. நான் சொல்வது, 4,000 அடியோடு வீடு திரும்பின நாளை நீ தோற்ற நாளாக எண்ணிக்கொண்டிருக்கிறாய், அந்தக் கணக்கு தப்பு. உலக சுகாதார நிறுவனமும் 2020ல், வாரத்துக்கு 150 நிமிடமாவது என்று சொல்லிவிட்டு, ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டது. துண்டு துண்டாக நடந்ததும் சேரும்.

இதைவிட ஒரு விஷயம் உன்னைக் கெடுத்திருக்கிறது என்று நினைக்கிறேன். வாட்ச் காட்டிய தொடர்ச்சிக் கணக்கு. அறுபதோ எழுபதோ நாள் விடாமல் ஓடிற்று, ஒரு மழை நாளில் அறுந்து பூஜ்யத்துக்கு வந்தது, மறுநாள் நீ எழுந்திருக்கவில்லை. நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்பார்கள் நம் பக்கம். உடம்பு விஷயத்தில் அந்தப் பழமொழி செய்த கேட்டைப்போல வேறொன்று செய்ததில்லை. ஒரு நாள் கல்யாண வீட்டில் ஜாங்கிரி தின்றவர், ‘இனி என்ன, இந்த வாரம் போகட்டும்’ என்று பிரியாணி, பரோட்டா என இறங்கிவிடுவதைத் தினமும் கேட்கிறேன். ஜாங்கிரி செய்யாத சேதத்தை மீதி வாரம் செய்கிறது.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று உன் ஜிம் சுவரில் எழுதியிருப்பார்கள். அதன் மூலம் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புதிய முகம் கண்ணுக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960ல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். ‘குறைந்தது’ காலப்போக்கில் கழன்று விழுந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 96 பேரை வைத்து உண்மையில் அளந்து பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு பழக்கம், தினமும் ஏதாவது ஒரு வழக்கமான காரியத்தை ஒட்டி. சாப்பிட்ட பிறகு, காலை காப்பிக்குப் பிறகு, இப்படி. யோசிக்காமலே கை போகிற நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18லிருந்து 254 வரை வேறுபட்டது. தண்ணீர் குடிப்பது மாதிரியான பழக்கம் சீக்கிரம் படிந்தது. உடற்பயிற்சிக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நாள் ஆனது. உனக்கு முக்கியமானது இன்னொன்று: இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதை ஒன்றும் செய்யவில்லை.

நீயோ ஐந்து பழக்கத்தை ஒரே வாரத்தில் தொடங்கி, ஒன்றுகூடப் படியுமுன் ஒரு நாள் தவறியதற்கு ஐந்தையும் சேர்த்து அடக்கம் செய்துவிட்டாய்.

இடைவெளி எல்லோருக்கும் வரும். 2023 டிசம்பர் 17, 18 நினைவிருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்தது. அந்த வெள்ளத்தில் காலை நடைக்காரர்கள் அத்தனை பேரும்தான் நின்றுபோனார்கள். ஒருவர் மிச்சமில்லை. மைதானம் சேறு. தண்ணீர் வடிந்ததும் சிலர் சேறு காயக் காத்திருக்காமல் நாலைந்து நாளில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டுத் தெருவாகப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். வேறு சிலர், ‘புது வருஷத்திலிருந்து ஆரம்பிக்கலாம்’ என்றார்கள். பிறகு ‘தை பிறக்கட்டும்’ என்றார்கள். அவர்களில் என் கடைக்கு வருகிற இரண்டு மூன்று பேர் இன்னும் எந்த மாதமோ பிறக்கக் காத்திருக்கிறார்கள். வெள்ளம் வருமுன் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரித்தான் நடந்தது, ஒரே டீக்கடையில்தான் டீ குடித்தது. திரும்பி வந்த முதல் நாளில்தான் பிரிந்தார்கள். திரும்பி வந்தவர்களும் அன்று பத்து நிமிடத்துக்கு மேல் நடந்திருக்கமாட்டார்கள்.

ஆகையால் உன்னைத் திங்கட்கிழமை என்றோ டிசம்பர் 1 என்றோ சொல்ல விடமாட்டேன். இந்தக் கடிதம் கைக்கு வருகிற அன்று மத்தியானம் தட்டைப் போட்டதும் படி இறங்கு. மழையா, காய்ச்சலா, மீட்டிங் மேல் மீட்டிங் வந்து சாப்பாடே மூன்று மணியா, அந்த நாளுக்கும் ஒன்று முடிவு செய்து வை. படி இறங்கி ஏறுவது மட்டும் போதும். கேலியாக இருக்கிறதா? அன்றைக்கு உடம்புக்கு அதனால் பெரிய லாபமில்லைதான். ஆனால் தட்டைப் போட்ட பிறகு கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது மறக்காமல் இருக்கும், அது போதும். காய்ச்சல் என்றால் அதுவும் வேண்டாம், படுத்துக்கொள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சோற்றை நிறுத்தியது உன் வயதில் நீடிக்காது, நீடிக்கவும் இல்லை. திரும்பச் சாப்பிடு. ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் பொரியலையும் பருப்பையும் கூட்டு. வரகு, சாமை என்று விலை கொடுத்து வாங்கி அதையே இரண்டு தட்டுச் சாப்பிடுவதற்கு இது மேல். ஆபீஸ் மெஷின் டீயில் சர்க்கரை இல்லாத பொத்தானை அழுத்துவதை மட்டும் விடாதே, அது உனக்கு ஏற்கெனவே பழகிவிட்டது என்று நீயே எழுதியிருக்கிறாய். பார், ஐந்தில் ஒன்று நின்றிருக்கிறது. நீ அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஜிம் பணத்தை மறந்துவிடு, போன பணம் போனதுதான். அதை வசூல் செய்வதற்காக ஓடாதே.

உன் அம்மா தினமும் கேட்பது உனக்கு எரிச்சலாக இருக்கிறதாம். அதில் கொஞ்சம் அவள் பக்கம் நிற்கப்போகிறேன். சென்னைக்காரர்கள் செய்த அந்த ஆய்வில் வழிநடத்தப்பட்டவர்களுக்கு அவ்வப்போது போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதே டாக்டரின் குழு 2013ல் இன்னொன்று வெளியிட்டது. வேலைக்குப் போகிற ஆண்கள் 537 பேர், எல்லோரும் உன்னைப்போல வாசலில் நின்றவர்கள். பாதிப்பேருக்கு இரண்டு வருடம் செல்போனில் குறுஞ்செய்தி மட்டும் அடிக்கடி அனுப்பினார்கள், நட, இதைச் சாப்பிடு, அதைக் குறை என்று. முடிவில் செய்தி போகாத பக்கம் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், செய்தி போன பக்கம் 18 சதவீதம். வெறும் குறுஞ்செய்தி, அதுவும் முகம் தெரியாத இடத்திலிருந்து. யாரோ ஒருவர் விடாமல் கேட்பதற்கு இவ்வளவு பெறுமானம் இருக்கிறது.

ஆனால் அம்மா கேட்கிற விதம் வேறு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். “ஏன் போகல?” என்று கேட்டால் பதிலுக்குக் காரணம்தான் வரும், காரணத்துக்கா பஞ்சம். “போனியா?” என்று கேட்டால் ஆமாம், இல்லை, அதோடு முடிந்தது. அக்காவிடம் பேசிவிட்டேன். இனி அவள் கேட்கமாட்டாள். உன் பக்கத்து சீட்டுப் பையனும் சாப்பிட்ட பிறகு தூங்கி வழிகிறான் என்றாயே, அவனைக் கூட்டிக்கொண்டு இறங்கு. அவன் வராத நாள் நீ இழு, நீ வராத நாள் அவன் இழுக்கட்டும். குடும்பக் குரூப்பில் அடிக்கணக்கு போடாதே. பெரியம்மா கைகூப்பினால் பாதி வேலை முடிந்த திருப்தி அப்போதே வந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நடைமேல் சலிப்பு வருவது வேறு, எதன்மேலும் பிடிப்பில்லாமல் போவது வேறு. கிரிக்கெட் பார்க்கப் பிடிக்கவில்லை, நண்பர்களோடு பேசப் பிடிக்கவில்லை, தூக்கம் வரவில்லை அல்லது தூக்கம் தீரவில்லை, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் இந்தக் கடிதத்தில் எழுதின எதுவும் அதற்கு மருந்தில்லை. டாக்டரைப் பார். தைராய்டோ இரத்தச் சோகையோகூட அப்படிக் காட்டும். மனசுதான் என்றாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. 14416க்குப் போட்டால் டெலி மானஸ் என்ற மனநல உதவி லைனில் தமிழிலேயே பேசுவார்கள். அம்மாவிடம் சொல்ல முடியாததை என்னிடம் சொல்லலாம். கடையில் நின்று நான் கேட்காத கதை இல்லை.

அடுத்த டெஸ்ட்டைப் பிப்ரவரி நடுவில் எடு, அதற்கு முன்னால் வேண்டாம். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கிறது. ஆகவே ஹெச்பிஏ1சி காட்டுவது கடந்த மூன்று மாதத்து வண்டவாளத்தை. இப்போதே எடுத்தால் தீபாவளி அதிரசம்தான் தெரியும். முன்பு எடுத்த அதே லேபில் எடு. 6.1 அப்படியே இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான், ஏறாமல் நிற்கிறது என்று அர்த்தம். ஏறியிருந்தால் ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போ, மாத்திரை எழுதினால் வாங்கிக்கொள். அதையும் தோல்வி என்று எழுதி அனுப்பாதே.

கடையில் ஆள் வந்துவிட்டார், நிறுத்துகிறேன். அத்தை உனக்குக் கருவேப்பிலைப் பொடியும் பருப்புப் பொடியும் திரித்து வைத்திருக்கிறாள், இதே கூரியரில் வருகிறது. பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயா இல்லையா என்று கேட்கச் சொன்னாள். வெயிட்டிங் லிஸ்ட் என்றால் இப்போதே பஸ்ஸுக்குப் பார்.

அன்புடன்,
மாமா